ஜோக்ஜாகார்த்தாவில் பொருள் வாங்குவோர் அறிய வேண்டுவன

வெளிநாட்டுப் பயணம் சென்றவர்கள் வெறுங்கையுடன் வீடு திரும்புவதில்லை. பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, அண்டை வீட்டாருக்கு ஒன்று என்று பெட்டி நிறைய வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வாங்கி வந்த பொருள் எத்தகையது, அதைச் செய்தவர் யார், கொடுத்த விலை தகுமா என்று கேட்டால் விடை கூற வல்லவர் சிலரே. காணப்போகும் கோயில்களைப் பற்றி முன்னரே படித்துக்கொள்வோரும், வாங்கப்போகும் பொருள்களைப் பற்றி ஒன்றும் அறியாமலே கடைக்குள் நுழைகின்றனர். அந்த அறியாமையால் வருகின்ற நட்டம் அவர்களோடு நிற்பதில்லை. பொருளைச் செய்த கைவினைஞரையும் அது தாக்குகிறது. இதனை விளக்குவதற்கு ஜாவாத் தீவிலுள்ள ஜோக்ஜாகார்த்தா நகரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

போரோபுதூர் பௌத்தத் தூபியையும் பிரம்பனான் சிவன் கோயிலையும் காணச் செல்லும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் பலர் இந்நகரில் தங்குகின்றனர். நகரின் நடுவே மாலியோபோரோ என்னும் நீண்ட கடைத்தெரு இருக்கிறது. அதன் தென்பகுதியில் பெரிங்ஹார்ஜோ சந்தை உள்ளது. சட்டை, கைலி, மேசை விரிப்பு என்று எங்கு நோக்கினும் பாத்திக் துணியே. அருகருகே தொங்கும் இரண்டு துணிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் ஒன்றின் விலை மற்றதன் விலையைப் போல் பல மடங்காக இருக்கும். காரணம் அறியாதவர் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு, மற்றக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று எண்ணிக்கொள்வார்.

மெழுகால் எழுதும் கலை

பாத்திக் என்பது துணியின் பெயரன்று. துணிக்குச் சாயம் ஏற்றும் ஒரு முறையின் பெயர். சாயம் பிடிக்கக் கூடாத இடங்களை உருகிய மெழுகால் மூடிவிட்டு, துணியைச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு இருந்த இடம் வெளுப்பாகவே நிற்கும். மற்ற இடம் நிறம் பெறும். பிறகு கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவர். இன்னொரு நிறம் வேண்டுமாயின் மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம். சாயம் சூடாக இருந்தால் மெழுகு உருகிவிடும். ஆகவே குளிர்ந்த சாயத்தில் பன்முறை தோய்த்தே நிறத்தை அழுத்தமாக்க வேண்டும். முற்காலத்தில் நீல நிறத்தை அவுரிச் செடியிலிருந்தும், சிவப்பை மலாய்க்காரர் மெங்குடு என்று கூறும் நுணாவின் வேரிலிருந்தும், பழுப்பைச் சோகா என்னும் மரப்பட்டையிலிருந்தும் எடுத்தனர். இப்பொழுது செயற்கைச் சாயங்களும் பெருவழக்காக உள்ளன.

இந்தக் கலை 2009ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்நாளை இந்தோனேசியர் ஆண்டுதோறும் பாத்திக் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

மூவகைத் துணிகள்

கடைகளில் விற்கப்படும் துணிகள் மூன்று வகைப்படும்.

முதல் வகை ‘பாத்திக் துலிஸ்’. துலிஸ் என்னும் சொல்லுக்கு எழுதுதல் என்பது பொருள் என்று மலாய் அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சாந்திங் என்னும் சிறு கருவியே இங்கு எழுதுகோல். மரம் அல்லது மூங்கிற் கைப்பிடியில் ஒரு சிறு செப்புக் கிண்ணமும், அதற்கு மெல்லிய மூக்கும் பொருத்தப்பட்டிருக்கும். பக்கத்து அடுப்பில் உருகும் மெழுகை அதில் மொண்டு, கோடு கோடாகவும் புள்ளி புள்ளியாகவும் பெண்கள் எழுதிக்கொண்டு போவர். நல்ல துணியாயின் முன்புறத்தைப் போலப் பின்புறத்திலும் எழுதுவர். ஒரு துணி முடிய வாரக்கணக்காகும். நுண்ணிய வேலையாயின் மாதக்கணக்காகும்.

இரண்டாம் வகை ‘பாத்திக் சாப்’. தமிழரும் சாப்பு என்று சொல்லிப் பழகிய சொல்தான் அது. செப்புத் தகடுகளை வளைத்துச் செய்த அச்சை மெழுகில் தோய்த்துத் துணியில் பதிப்பர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய இம்முறையால் வேலை பெரிதும் விரைவுபட்டது. அச்சைத் தூக்கிப் பதிக்கும் வேலையைப் பெரும்பாலும் ஆண்கள் செய்கின்றனர். இதுவும் கைவேலையே, இதிலும் மெழுகு உண்டு.

மூன்றாம் வகை, பாத்திக் கோலங்களை இயந்திரத்தாலோ சட்டத்தாலோ அச்சடித்த துணி. இதில் மெழுகே கிடையாது. எனவே பாத்திக் போன்ற துணி என்று சொல்லலாமேயன்றிப் பாத்திக் என்று சொல்லுதல் பொருந்தாது. மலிவான சட்டைகளில் மிகப் பல இவ்வகையைச் சேர்ந்தவையே.

வேறுபாட்டை அறிவது எப்படி?

முதலில் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அச்சடித்த துணியின் பின்புறம் பொதுவாக வெளிறியிருக்கும். மெழுகு வேலை செய்த துணியில் இரு புறமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அடுத்து, ஒரே கோலம் மீண்டும் வரும் இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டும். கையால் எழுதியதில் ஒரு பூவைப் போல் மற்றொரு பூ இராது; கோடு சற்றுத் தடிக்கும், புள்ளி சற்று விலகும். சாப்பில் கோலம் மாறாமல் வரும். ஆனால் ஓர் அச்சும் அடுத்த அச்சும் சேரும் இடத்தில் சிறு பிசகு காணப்படும். முகர்ந்து பார்த்தால் புதிய பாத்திக்கில் மெழுகு வாசனை இருப்பதுண்டு. மெழுகு வெடித்ததனால் உண்டாகும் மெல்லிய கோடுகளை மட்டும் நம்பக் கூடாது; அவற்றையும் அச்சில் அடித்துவிடுகின்றனர்.

இந்தோனேசியத் தொழில் அமைச்சு 2007இல் பாத்திக்குக்கு ஒரு தரச் சீட்டை ஏற்படுத்தியது. கையால் எழுதியதற்குப் பொன்னிற எழுத்து, சாப்புக்கு வெள்ளி நிற எழுத்து, இரண்டும் கலந்ததற்கு வெண்ணிற எழுத்து. எல்லாத் துணிகளிலும் இச்சீட்டு இராது, இருந்தால் உதவியாகும்.

தெருவில் வலிய வந்து பேசுவோரிடமும் விழிப்பு வேண்டும். ‘மாணவர்களின் பாத்திக் ஓவியக் கண்காட்சி நடக்கிறது, இன்றே கடைசி நாள்’ என்று அன்பாக அழைத்துச் செல்வது மாலியோபோரோவில் நெடுநாளாக நடந்துவரும் தந்திரம். கடைசி நாள் நாளைக்கும் இருக்கும்.

கோலத்தின் பொருள்

பாத்திக் கோலங்கள் வெறும் அழகுக்காக அமைந்தவையல்ல. சாய்ந்த வரிகளாக ஓடும் ‘பாராங்’ கோலத்தின் சில வகைகள் ஒரு காலத்தில் அரச குடும்பத்தார்க்கே உரியவை. பிறர் உடுத்தத் தடை இருந்தது. ‘சீடோ முக்தி’ என்பது செழிப்பான வாழ்வை வேண்டும் கோலம். மணமக்கள் அதை உடுத்துவர். மணமக்களின் பெற்றோர் ‘துருந்தும்’ கோலத்தை உடுத்துவர். மணவீட்டுக்குப் பரிசு வாங்குவோர் கோலத்தின் பெயரைக் கேட்டு வாங்கினால், அத்துணியோடு ஒரு வாழ்த்தும் கூடவே செல்லும்.

பேரமும் நீதியும்

சந்தையில் பேரம் பேசுவது ஜாவாவின் வழக்கமே. ‘ஹர்கா பாஸ்’, அதாவது ஒரே விலை என்று எழுதியுள்ள கடைகளில் அது பொருந்தாது. ஆனால் பேரத்திற்கும் ஒரு நீதி உண்டு. அச்சடித்த சட்டைக்கு எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் இயந்திரத்திற்கு வருத்தமில்லை. ஒரு மாதம் குனிந்திருந்து எழுதிய துணியை அச்சடித்த துணியின் விலைக்குக் கேட்டால், குறைவது அப்பெண்ணின் கூலியே.

நகருக்குத் தெற்கே, இமோகிரி அரச கல்லறைகளுக்கு அருகே, கிரிலோயோ என்னும் கிராமம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பாத்திக் எழுதும் ஊர் அது. முன்பு அவர்கள் மெழுகு எழுதுவதோடு நிறுத்திக்கொண்டு, சாயமேற்றாத துணியை நகர வணிகரிடம் கொடுத்துச் சிறு கூலி பெற்றுவந்தனர். 2006ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கம் அவ்வட்டாரத்தைப் பெரிதும் அழித்தது. அதன் பின்னர், தொண்டு அமைப்புகளின் துணையோடு அப்பெண்கள் சாயமேற்றவும் கற்று, குழுவாகச் சேர்ந்து, முடித்த துணியைத் தாங்களே விற்கத் தொடங்கினர். அங்குச் செல்வோர் வேலையைக் கண்ணாற் காணலாம். ஒரு கோடு எழுதியும் பார்க்கலாம். சாந்திங்கைக் கையிற் பிடித்து மெழுகு சிந்தாமல் ஒரு சாண் கோடு எழுத முயன்றவர், விலையைக் கேட்டு முகம் சுளிக்கமாட்டார்.

உணவுப் பொருள்கள்

இந்நகரிலிருந்து பலரும் வாங்கிச் செல்லும் தின்பண்டம் பாக்பியா. பாசிப்பயற்றுப் பூரணம் வைத்துச் சுட்ட இது சீனர் வழி வந்தது. பினாங்கின் தௌசார் பியாவுக்கு உறவு எனலாம். பாத்தோக் பகுதி இதற்குப் பேர்பெற்றது. சில நாள்களே கெடாதிருக்குமாதலால், புறப்படும் நாளில் செய்த தேதி பார்த்து வாங்குவது நன்று.

இளம் பலாக்காயைத் தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் ‘கூடெக்’ இவ்வூரின் தனி உணவு. பலாக்காய் என்பதால் மரக்கறி என்று எண்ணிவிடக் கூடாது. கோழி, முட்டை, கிரேசெக் என்னும் மாட்டுத்தோல் ஆகியவற்றுடனே பரிமாறுவர். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் முன்னரே சொல்லிவிட வேண்டும். இறைச்சி வகைகளையும் செடிகொடிகளையும் நாட்டுக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. ஆதலால் இவ்வுணவை அங்கேயே உண்டு மகிழ்வதே மேல்.

ஒரு பாடம்

மெழுகிட்டுச் சாயமேற்றும் கலை தமிழ்நாட்டிலும் இருந்தது. கும்பகோணத்திற்கு அருகிலுள்ள கோடாலிக்கருப்பூரில், சரிகை நெசவும் மெழுகுச் சாய வேலையும் கலந்த அரிய சேலைகளைத் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தினருக்காகச் செய்துவந்தனர். 1855இல் கடைசி அரசர் மறைந்தார், அரசும் முடிந்தது. வாங்குவோர் இல்லாமற்போகவே அக்கலையும் மங்கி மறைந்தது. பிற்காலத்தில் அதை மீட்க முயன்றவர்கள், அரும்பொருட்காட்சியகங்களில் எஞ்சிய சேலைகளைப் பார்த்தே கற்க வேண்டியதாயிற்று.

அன்று கலையைக் காத்தவர் அரசர். இன்று அந்த இடத்தில் இருப்பவர், கடைத்தெருவில் நடக்கும் சாதாரணப் பயணியே. பத்து அச்சுத் துணிகளுக்குப் பதிலாகக் கையால் எழுதிய ஒரு சிறு துணியை, அறிந்து, தகுந்த விலை கொடுத்து வாங்குவாராயின், அவர் வீட்டிற்கு ஒரு நல்ல பொருள் வந்து சேரும். அதை எழுதிய கையும் அடுத்த துணியை விரிக்கும்.