பழகிய சுவை, புதிய பக்குவம்: மீன் சிற்றுண்டிகளில் எண்ணெயைக் குறைக்கும் வழிகள்

ஏழெட்டு வயதில் நாவிற் படிந்த சுவை எழுபது வயதிலும் மறப்பதில்லை. கொல்கத்தாவில் வளர்ந்தவருக்கு மாலை வேளையில் கடையிலிருந்து தொன்னையில் வரும் மீன் 'சாப்' நினைவிருக்கும். கேரளத்தில் வளர்ந்தவருக்குத் தேநீருடன் தட்டில் வைக்கப்படும் மீன் கட்லெட் நினைவிருக்கும். கோவா மாநிலத்தவர் விருந்து நாட்களில் இறால் பூரணம் வைத்துப் பிறைவடிவில் செய்யப்படும் 'ரிஸ்ஸோயிஸ்' பலகாரத்தையும், வட மலபாரைச் சேர்ந்தவர் கடுக்காய் எனப்படும் சிப்பியில் அரிசிமா அடைத்துச் செய்யப்படும் 'அரிக்கடுக்கா'வையும் மறப்பதில்லை. இவை யாவும் பசியை ஆற்றுவதுடன் மனத்தையும் ஆற்றும் உணவுகள். ஆகவேதான், இவற்றை உண்ணாதீர்கள் என்று எவரேனும் அறிவுரை கூறினால் அது எந்த வீட்டிலும் எடுபடுவதில்லை.

இந்நான்கு பண்டங்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. உள்ளே இருப்பது மிகச் சிறந்த உணவு. வெளியே இருப்பது மிகுதியான எண்ணெய். நூறு கிராம் மீன் தசையில் சாதாரணமாக 18 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. அயோடினும், பி-12 உயிர்ச்சத்தும் அதில் உள்ளன. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களில், மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் டி உயிர்ச்சத்தும் உள்ளன. இத்தகைய உணவைத் தடித்த ரொட்டித்தூள் போர்வையில் பொதிந்து எண்ணெயில் மூழ்கவைக்கும்போது, சத்துடன் வேண்டாத சுமையும் சேர்ந்து வருகிறது.

'இலேசான உணவு' யாருக்கு?

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் எடை மிகுந்தோர் 3.4 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. முந்தைய ஆய்வில் இது 2.1 விழுக்காடாக இருந்தது. அதே ஐந்தாவது ஆய்வில், 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளுள் 67.1 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள் எனவும் தெரியவந்தது. அதாவது, ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், மிகுதியும் குறைவும் அருகருகே இருக்கின்றன.

களப்பணியாளர்கள் இதை மனத்திற் கொள்வது அவசியம். எடை மிகுந்த பிள்ளைக்கு எண்ணெய் குறைய வேண்டும். மெலிந்த பிள்ளைக்கோ உணவின் அளவு எவ்வகையிலும் குறையலாகாது. ஆகையால் 'இலேசான பக்குவம்' என்பதற்கு, தட்டிலுள்ள உணவைக் குறைப்பது என்று பொருள் கொள்ளக்கூடாது. எண்ணெயும் மாவும் பெற்றிருந்த இடத்தை மீனுக்குக் கொடுப்பது என்பதே அதன் பொருள். மெலிந்த பிள்ளைக்கு அதே கட்லெட்டுடன் பருப்புச் சோறும், அதன்மேல் ஒரு கரண்டி நெய்யும் தரலாம், அதில் தவறில்லை.

எண்ணெய் எவ்வாறு உட்புகுகிறது?

பண்டம் கொதிக்கும் எண்ணெயில் இருக்கும்போதே எண்ணெயை முழுவதும் உறிஞ்சிவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. சட்டியில் இருக்கும்வரை பண்டத்திலுள்ள ஈரம் நீராவியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவியின் அழுத்தம் எண்ணெயை உள்ளே வரவிடாமல் பெரிதும் தடுக்கிறது. பண்டத்தை வெளியே எடுத்ததும் அது ஆறத் தொடங்குகிறது. உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்க, நுண்துளைகளில் வெற்றிடம் உண்டாகிறது. அப்போதுதான் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே இழுக்கப்படுகிறது.

இதிலிருந்து மூன்று பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, பொரித்த பண்டத்தை எடுத்த உடனே, சூடு ஆறுமுன், எண்ணெயை வடித்து ஒற்றி எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து ஒற்றுவதால் பயன் குறைவு. இரண்டாவது, ரொட்டித்தூள் போர்வை எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கு நுண்துளைகளும் மிகுதி. மூன்றாவது, பலமுறை காய்ந்த எண்ணெய் கெட்டிப்பட்டுப் பண்டத்தின்மேல் மிகுதியாக ஒட்டும். அன்றியும் அதில் தீய பொருள்கள் சேருகின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கலாகாது என்னும் விதியை 2018 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டில் இதை அளக்க இயலாது; ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடியும் பொரிப்பதற்கு வைக்காமலிருப்பதே எளிய வழி.

மீன் தசை தானே பிணையும்

கட்லெட்டில் மாவும் முட்டையும் ரொட்டித்தூளும் சேர்ப்பதன் நோக்கம், அது உதிராமல் இருப்பதேயாகும். வேகவைத்து உதிர்த்த மீனுக்குப் பிணையும் தன்மை இல்லை; எனவே உருளைக்கிழங்கின் துணை வேண்டியிருக்கிறது. பச்சை மீன் தசையின் இயல்பு வேறு. அதை உப்புடன் சேர்த்துப் பிசைந்தால், தசையிலுள்ள மயோசின் என்னும் புரதம் கரைந்து பசைபோலாகிறது. சூடுபட்டதும் அப்பசை உறைந்து, துண்டுகளை இறுகப் பிணைக்கிறது. ஜப்பானியர் மீன் பசையிலிருந்து பலவகைத் தின்பண்டங்கள் செய்வது இந்த இயல்பைக் கொண்டேயாகும். பிசையும்போது மீன் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

கொச்சியில் 1957இல் பணி தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், விலை குறைந்த மீன்களிலிருந்து கட்லெட், வற்றல் முதலிய பண்டங்களைச் செய்யும் முறைகளை வகுத்துள்ளது. வஞ்சிரமோ கொடுவாயோ வாங்க வசதியில்லாத வீடுகளிலும் சங்கரா, சாவாளை, மத்தி ஆகியவற்றைக்கொண்டு நல்ல பண்டம் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

மீன் கட்லெட்

முள் நீக்கிய சங்கரா மீன் தசை 300 கிராம் எடுத்துக் கரண்டியாற் சுரண்டியோ கத்தியாற் கொத்தியோ பொடியாக்கிக்கொள்ள வேண்டும். அதனுடன் முக்கால் தேக்கரண்டி உப்புச் சேர்த்து, கையில் ஒட்டும் பதம் வரும்வரை ஒரே திசையில் பிசைய வேண்டும். பிறகு வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 150 கிராம், பொடியாக நறுக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கி ஆறவைத்த வெங்காயம் 75 கிராம், இஞ்சி, பச்சை மிளகாய், மிளகுத்தூள், கறிவேப்பிலை அல்லது புதினா ஆகியவற்றைக் கலந்து, விரல் தடிப்பில் 12 வட்டங்களாகத் தட்ட வேண்டும்.

இவ்வட்டங்களை எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் வைத்துப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் உருக்குலையாமல் இறுகிவிடும். மேற்பரப்பின் ஈரம் காயுமுன் வறுத்த ரவையை மெல்லியதாகத் தூவி, காய்ந்த தோசைக்கல்லில் மூன்று தேக்கரண்டி எண்ணெய் விட்டு இருபுறமும் சிவக்க வைக்க வேண்டும். உள்ளே முன்பே வெந்துவிட்டதால், நிறமும் மொறுமொறுப்பும் வருவதற்குரிய நேரமே போதும்.

ரிஸ்ஸோயிஸ்

இறாலைப் பாலும் மைதாவும் வெண்ணெயும் கலந்த வெண்குழம்பில் சேர்த்துப் பூரணமாக்கி, வெந்நீரில் கிளறிய மாவில் மடித்து, முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரிப்பது கோவா வழக்கம். இதில் வெண்ணெயை இரண்டு தேக்கரண்டியாகக் குறைத்து, கொழுப்பு நீக்கிய பாலைக் கொண்டே குழம்பு செய்யலாம். இறாலின் அளவைக் கூட்டினால் குழம்பின் அளவு தானே குறையும். மேல்மாவை மெல்லியதாகத் தேய்த்து, மடித்து, கொழுக்கட்டைபோல் ஆவியில் வேகவைத்தபின் தோசைக்கல்லில் இலேசாக எண்ணெய் தடவிச் சுட வேண்டும். பொரித்த பண்டத்தின் கரகரப்பு இதில் முழுமையாக வராது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் பிறைவடிவமும், கடித்தவுடன் வெளிப்படும் இறால் மணமும் மாறுவதில்லை. பிள்ளைகள் தேடுவதும் அவற்றைத்தான்.

அரிக்கடுக்கா

இப்பண்டத்தில் பாதி வேலையை முன்னோரே செய்துவைத்திருக்கின்றனர். ஊறவைத்த புழுங்கல் அரிசியைத் தேங்காய், சிறிய வெங்காயம், பெருஞ்சீரகம் ஆகியவற்றுடன் கரகரப்பாக அரைத்து, நன்கு கழுவிய சிப்பிகளைப் பிளந்து உள்ளே அடைத்து, ஆவியில் வேகவைக்கிறார்கள். ஓட்டை நீக்கிய பிறகு மிளகாய் மசாலாவில் புரட்டிப் பொரிப்பது கடைசிக் கட்டம். அந்தக் கட்டத்தை மட்டும் மாற்றி, மசாலாவை இரண்டு தேக்கரண்டி எண்ணெயிலும் சிறிது நீரிலும் குழைத்துத் தடவி, கல்லில் பிரட்டி எடுத்தாற் போதும். சிப்பிகள் நீரை வடிகட்டி உண்பவை. கழிவுநீர் கலக்கும் இடத்திலிருந்து எடுத்தவற்றை உண்ணலாகாது. வாய் திறந்து, தட்டினாலும் மூடிக்கொள்ளாத சிப்பியைத் தள்ளிவிட வேண்டும்.

எண்ணெயில்லாப் பக்குவம் நம் நாட்டுக்குப் புதியதன்று. வங்காளத்தில் கடுகு விழுது தடவி வாழையிலையில் பொதிந்து வேகவைக்கும் 'பாத்துரி'யும், பார்சி மக்கள் பச்சைச் சட்டினி பூசி இலையில் கட்டி அவிக்கும் 'பாத்ராணி மச்சி'யும் விருந்துக்குரிய பண்டங்களே.

கவனிக்க வேண்டியவை

மத்தி, அயிலை, சூரை முதலிய மீன்களைப் பனிக்கட்டியில் வைக்காவிடில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. சமைப்பதால் அது அழிவதில்லை. ஆகவே கண் தெளிந்து, செவுள் சிவந்து, விரலால் அழுத்தினால் குழிவிழாத மீனையே வாங்க வேண்டும். வெப்பமிகு நாட்களில் மீனின் எடைக்குச் சமமாகப் பனிக்கட்டி இருப்பது நலம்.

இறால், நண்டு, சிப்பி ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். இதற்குக் காரணமான புரதமும் சூட்டினால் அழிவதன்று. பிள்ளைக்கு உதடு வீக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எதுவேனும் காணப்பட்டால் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கக்கூடும். சிறுவர்க்குச் சிறிய மீன்களே ஏற்றவை. மத்தியின் முள்ளை அழுத்தக் கொப்பரையில் புளியுடன் வேகவைத்தால் அது மிருதுவாகிவிடும். மசித்துச் சேர்த்தால் சுண்ணாம்புச் சத்தும் வீணாகாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

எண்ணெயைப் பற்றிப் பேசுவதைவிட நிறுத்துக் காட்டுவது மேல். ஒரு தராசும், பெரியோர் ஒருவரின் துணையும் இருந்தால் ஆசிரியர் இதை நடத்தலாம். பொரிப்பதற்கு முன்பும், பொரித்து எண்ணெய் ஆறிய பின்பும் சட்டியை நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 400 கிராம் எண்ணெய் 12 கட்லெட் பொரித்தபின் 310 கிராமாக இருந்தால், குறைந்தது 90 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி வீதம் இது 810 கலோரி; ஒரு கட்லெட்டுக்கு ஏறத்தாழ 67. மேற்கூறிய கல்சூட்டு முறையில், வெங்காயம் வதக்கியதையும் சேர்த்து நான்கு தேக்கரண்டி, அதாவது சுமார் 18 கிராம் எண்ணெய் செலவாகிறது. இது 162 கலோரி. ஒரு கட்லெட்டுக்கு 14க்கும் குறைவு. மூன்று கட்லெட் உண்ணும் பிள்ளைக்கு வேறுபாடு 160 கலோரியளவு. கணக்கைப் பிள்ளைகளே போட வேண்டும். விடையைக் கரும்பலகையில் அவர்களே எழுத வேண்டும்.

அதன்பின் இருவகைக் கட்லெட்டையும், எது எதுவென்று சொல்லாமல், ஒவ்வாமை இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்கலாம். பொரித்ததே மேல் என்று பலர் கூறினால் அதையும் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும். திருவிழாவுக்கு ஒருமுறை பொரித்தது, மற்றை நாட்களில் கல்லிற் சுட்டது என்னும் ஏற்பாட்டை எந்தத் தாயும் எளிதில் ஏற்றுக்கொள்வாள். பாட்டியின் கைப்பக்குவத்தைக் குறைகூறும் சொல்லை அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டாள். பாட்டி அரைத்த அதே மசாலா, அதே இஞ்சி மணம், அதே வடிவம் ஆகியவை நிலைத்திருக்கும்படி எண்ணெயை மட்டும் படிப்படியாகக் குறைத்துவந்தால், இன்றைய பிள்ளை நாளை நினைவுகூரும் சுவை இந்தப் புதிய பக்குவமாகவே அமையும்.