பில்லில் ஏறும் பத்து விழுக்காடு யாருக்கு?

சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் சாலை உணவகம் ஒன்றில் நான்கு பேர் உட்கார்ந்து மீன்தலைக் கறியோடு வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உணவுப்பட்டியலில் இருக்கும் விலைகளைக் கூட்டினால் சரியாக 100 வெள்ளி. மேசைக்கு வரும் பில்லில் இருப்பதோ 119 வெள்ளி 90 காசு. முதலில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமாக 10 வெள்ளி ஏறியிருக்கும். அதற்கு மேல் ஒன்பது விழுக்காடு பொருள் சேவை வரி. அந்த வரி சாப்பாட்டு விலைக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை. சேவைக் கட்டணத்தையும் சேர்த்து 110 வெள்ளிக்குக் கணக்கிடப்படுகிறது. அதனால்தான் 9 வெள்ளி 90 காசு. உணவுப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகளுக்கு இதுதான் பொருள். சிங்கப்பூரர்கள் ‘பிளஸ் பிளஸ்’ என்று சொல்லிப் பழகிவிட்ட கணக்கு இது.

இவ்வளவும் கொடுத்துவிட்டு எழுபவரிடம், பரிமாறிய தம்பிக்கு டிப்ஸ் ஏதும் வைத்தீர்களா என்று கேட்டால், “அதான் சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டாங்களே” என்பார். நியாயமான பதில்தான். சிங்கப்பூரில் டிப்ஸ் பழக்கம் வேர் பிடிக்காததற்குப் பெரிய காரணமும் அதுவே. ஆனால் அந்தப் பத்து வெள்ளி பரிமாறியவர் கைக்குப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

சேவைக் கட்டணம் வாங்கியே தீர வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் இல்லை. வாங்கினால் அதை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் இல்லை. வசூலாகும் தொகை உணவகத்தின் வருமானத்தில் சேர்கிறது. அதை முதலாளி சம்பளத்துக்கும் பயன்படுத்தலாம், வாடகைக்கும் பயன்படுத்தலாம், லாபத்திலும் வைத்துக்கொள்ளலாம். தொழிற்சங்கம் வலுவாக உள்ள ஹோட்டல்களில் சேவைக் கட்டணத்தின் பங்கு ஊழியர்களுக்குக் கிடைப்பது உண்டு. தனி உணவகங்களில் அது உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தது.

இதில் வரி ஆணையத்தின் பார்வையைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் தாமாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸுக்குப் பொருள் சேவை வரி கிடையாது. உணவகம் விதிக்கும் சேவைக் கட்டணத்துக்கு உண்டு. அதாவது வரிக் கணக்கில் சேவைக் கட்டணம் என்பது சாப்பாட்டு விலையின் ஒரு பகுதி. அன்பளிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1994-இல் மூன்று விழுக்காட்டில் தொடங்கிய இந்த வரி, 2023-இல் எட்டு, 2024-இல் ஒன்பது என்று ஏறியபோது, சேவைக் கட்டணத்தின் மீதான சுமையும் கூடவே ஏறியது. மற்றக் கடைகள் எல்லாம் வரியைச் சேர்த்துத்தான் விலை எழுத வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் அதிலிருந்து விலக்கு. விலைக்கு மேல் கட்டணமும் வரியும் உண்டு என்ற அறிவிப்பை வைத்தால் போதும்.

தேக்கா நிலையத்தின் உணவங்காடிக்குப் போனால் இந்தக் கேள்வியே எழாது. அங்கே பரிமாற ஆளில்லை. வரிசையில் நின்று பிரியாணியோ தோசையோ வாங்கி, தட்டை நாமே தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பதும் நம் கடமை. வைக்காமல் போனால் முதல்முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். சிங்கப்பூரர்களில் பெரும்பாலோர் வளர்ந்தது இந்த அங்காடிச் சாப்பாட்டில்தான். சொன்ன விலையைக் கொடுத்தால் கணக்கு முடிந்தது என்பது அங்கிருந்து வந்த பழக்கம். டிப்ஸ் வைக்காதவரைக் கஞ்சர் என்று இந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை.

லிட்டில் இந்தியாவின் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களில் நிலைமை கொஞ்சம் வேறு. 1924-இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947-இல் தொடங்கிய கோமள விலாஸ் என்று இந்த வட்டாரத்தின் சாப்பாட்டு மரபு நீளமானது. தமிழ்நாட்டு ஓட்டலின் முறைகள் பலவும் கப்பலேறி இங்கே வந்தன. ஆனால் பில்லை எவர்சில்வர் தட்டில் சோம்போடு வைத்து, மீதிச் சில்லறையை வாடிக்கையாளர் அதிலேயே விட்டுவிட்டு எழும் பழக்கம் பாதி வழியில் தங்கிவிட்டது. சிராங்கூன் சாலையில் பல கடைகளில் பணத்தைக் கல்லாவில்தான் கட்ட வேண்டும். பரிமாறியவர் அப்போது வேறொரு மேசையில் இலை போட்டுக்கொண்டிருப்பார். பணம் அவர் கைபடாமலே போய்விடுகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் உண்டியல் போல ஒரு டிப்ஸ் பெட்டி இருந்தால், அதில் விழும் காசு சமையல்கட்டு வரை எல்லோருக்கும் பொதுவாகப் பிரியும். அது நல்ல முறைதான். ஆனால் அட்டையைத் தட்டிப் பணம் கட்டும் காலத்தில் பெட்டிக்குள் போட யாரிடம் சில்லறை இருக்கிறது?

டிப்ஸ் மேல் ஆளுக்கொரு பார்வை இருப்பதையும் இங்கேதான் நன்றாகப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சென்னையிலிருந்து வந்த சுற்றுப்பயணிகளும், இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பமும், அமெரிக்கர் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். சென்னைக்காரர்கள் சில்லறையைத் தேடுவார்கள். ஒன்றும் வைக்காமல் எழுந்தால் அவர்களுக்கு மனம் உறுத்தும். சிங்கப்பூர்க் குடும்பத்துப் பெரியவர் இரண்டு வெள்ளி மிச்சம் வந்தால் “வேண்டாம், வச்சுக்கோ” என்பார். மகனோ கைப்பேசியில் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அமெரிக்கர்கள் இருபது விழுக்காட்டைக் கணக்குப் போடத் தொடங்கி, பில்லில் ஏற்கெனவே பத்து இருப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள். ஒவ்வொருவரும் செய்வது அவரவர் ஊர் வழக்கம். இதில் எவரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வாழையிலைச் சாப்பாட்டைப் பரிமாறுபவரின் வேலையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். இலை போட்டுத் தண்ணீர் வைப்பார். வாளியிலிருந்து சோறு, அதன் பிறகு காய்கறிகள், அப்பளம். மீன்தலைக் கறி கொதிக்கக் கொதிக்கத் தனிச்சட்டியில் வரும். அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத பக்கமாக வைப்பார். சோறு பாதி குறைவதற்குள் “இன்னும் கொஞ்சம் போடவா அண்ணே?” என்று வந்து நிற்பார். சின்னப் பெண்ணுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது என்று தாய் சொன்னால், கேட்காமலே தயிர் கொண்டுவருவார். சாப்பிட்டு மடித்த இலையை எடுத்து, சிந்தியதைத் துடைத்து, அடுத்த குடும்பத்தை உட்காரவைக்க வேண்டும். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை அவர் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மாலையிலும் அதே கதை.

நகரின் வேறு பகுதிகளில், மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து நாமே ஆர்டர் கொடுக்கும் உணவகங்கள் பெருகிவிட்டன. தண்ணீரை நாமே பிடித்துக்கொள்கிறோம். சில இடங்களில் தட்டைக் கொண்டுவருவது சக்கரம் வைத்த இயந்திரம். அங்கேயும் பில்லில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் ஏறுகிறது. மனிதர் ஓடியாடிப் பரிமாறிய மேசைக்கும் இயந்திரம் உருண்டு வந்த மேசைக்கும் ஒரே கட்டணம் என்றால், பெயரில் இருக்கும் ‘சேவை’ எதைக் குறிக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்பதில் தப்பில்லை.

சம்பளத்தையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் சிங்கப்பூரில் இல்லை. அதற்குப் பதிலாகத் துறைவாரியாகப் படிப்படியான சம்பள உயர்வு முறை இருக்கிறது. அது உணவுச் சேவைத் துறைக்கு 2023 மார்ச் 1 அன்று வந்தது. ஓட்டலில் பரிமாறும் உள்ளூர்க்காரர்களுக்கு, குறிப்பாக வயதான அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும், இது உண்மையான முன்னேற்றம். ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் அது பொருந்தும். வெளிநாட்டு ஊழியருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்திய உணவகங்களின் ஆள்பற்றாக்குறை நீண்டநாள் குறை. அதற்காக 2023 செப்டம்பர் முதல், மாதம் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளத்தில் இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்க வழி திறந்தது. பரிமாறுபவர்களுக்கு அப்போது அந்த வழி திறக்கவில்லை. இருக்கும் சிலரே இரண்டு பேர் வேலையைச் செய்கிறார்கள்.

மற்ற நாடுகள் இதை எப்படித் தீர்த்தன? அமெரிக்காவின் வழி நமக்கு வேண்டாத வழி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய மணிக்கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி 2.13 டாலர்தான். 1991-இலிருந்து அது ஏறவில்லை. பல மாநிலங்கள் கூடுதலாகத் தரச் சொன்னாலும், மீதிச் சம்பளத்தை வாடிக்கையாளர்தான் கொடுக்கிறார். பரிமாறுபவரின் வீட்டு வாடகை யாரோ ஒருவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்திருப்பது கண்ணியமான ஏற்பாடு ஆகாது.

இந்தியாவில் கேள்வி வேறு விதமாக எழுந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குப் போட்ட சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளரின் விருப்பம் என்பதே தீர்ப்பின் சாரம். சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன. இந்தத் தீர்ப்பு காப்பாற்றுவது வாடிக்கையாளரின் பையை. பரிமாறுபவரின் பைக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

சிங்கப்பூருக்கு மிகவும் பொருத்தமான பாடம் பாலத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. மலேசிய ஹோட்டல்களில் சேவைக் கட்டணம் ‘பாயின்ட்’ கணக்கில் ஊழியர்களுக்குப் பிரிவது பழைய வழக்கம். 2012-இல் அங்கே குறைந்தபட்சச் சம்பள ஆணை வந்ததும், அந்த ‘பாயின்ட்’ பணத்தையே சம்பளத்தில் சேர்த்துக் குறைந்தபட்ச அளவை எட்டிவிட்டதாகக் காட்டச் சில ஹோட்டல்கள் முயன்றன. தொழிற்சங்கம் எதிர்த்தது. கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டல் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2021-இல் முடிந்தது. சேவைக் கட்டணம் ஹோட்டலின் பணமல்ல, ஊழியர்களுக்கு உரியது. அவர்களுக்குச் சேர வேண்டியதை எடுத்து அவர்களுக்கே சம்பளமாகக் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. பிரிட்டனும் 2024 அக்டோபர் 1 முதல் சட்டம் போட்டு, டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுவதுமாக ஊழியர்களுக்கே பிரித்துத் தரப்பட வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது.

உணவக உரிமையாளர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. லிட்டில் இந்தியாவில் கடை வாடகை லேசான சுமையல்ல. காய்கறி, மீன், மின்சாரம் எல்லாம் ஏறிவிட்டன. பத்து விழுக்காட்டை எடுத்துவிடச் சொன்னால் அதே தொகையை விலையில் ஏற்ற வேண்டியதுதான். ஏற்றட்டும். விலை உயர்ந்தால் அது விலை என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். கொடுப்பதா, வேறு கடைக்குப் போவதா என்று அவரே முடிவுசெய்வார். சேவை என்ற பெயரில் வாங்கி அதை வாடகைக்குப் பயன்படுத்தும்போது, பரிமாறியவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே மனிதர்கள் எழுந்து போகிறார்கள். அந்த நினைப்பால் பரிமாறியவருக்கு இருபுறமும் இழப்பு. கட்டணமும் வரவில்லை, வந்திருக்கக்கூடிய இரண்டு வெள்ளியும் வரவில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய மாற்றம் ஏதும் தேவையில்லை. கட்டணமும் வரியும் உண்டு என்ற அறிவிப்பை வைக்க வேண்டும் என்பது இப்போதே விதி. ‘சேவைக் கட்டணம் முழுவதும் ஊழியர்களுக்கு’ என்றோ, ‘பாதி ஊழியர்களுக்கு’ என்றோ, ‘ஊழியர்களுக்குப் பிரிக்கப்படுவதில்லை’ என்றோ இன்னொரு வாசகத்தை அதன் கீழே சேர்க்கச் சொல்லலாம். முழுவதையும் பிரித்துக் கொடுக்கும் உணவகங்களுக்கு இந்த வாசகம் ஒரு விளம்பரமாகவே அமையும். கிராப் செயலியில் ஓட்டுநருக்குக் கொடுக்கும் டிப்ஸ் முழுவதும் அவருக்கே போகும் என்று அந்த நிறுவனம் வெளிப்படையாகச் சொல்கிறது. உணவகத்தாலும் அப்படிச் சொல்ல முடியும்.

அது வரும்வரை வாடிக்கையாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பில் வந்ததும் மேலாளரிடம், இந்தப் பத்து விழுக்காடு பரிமாறியவருக்குப் போகிறதா என்று நேராகக் கேட்கலாம். ஆம் என்றால் நல்லது, தனியாக எதுவும் வைக்க வேண்டியதில்லை. இல்லை என்றாலோ, பதில் சுற்றிவளைத்து வந்தாலோ, அல்லது கட்டணமே வாங்காத கடை என்றாலோ, இரண்டு வெள்ளித் தாளைப் பில் உறைக்குள் வைக்காமல் பரிமாறியவர் கையிலேயே கொடுப்பது மேல். உறை கல்லாவுக்குத்தான் போகும்.