குடைமிளகாய் ஊறிய குவளை

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒயினை முகர்ந்து பார்க்கப் பழகும் மாணவர்கள் முன்னால் வரிசையாகக் குவளைகளை வைப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே ஒயின்தான். தனக்கென்று பெரிய மணம் எதுவும் இல்லாத, விலை குறைந்த ஒயின். ஒரு குவளையில் குடைமிளகாய்த் துண்டு ஊறும். இன்னொன்றில் ஒரே ஒரு கிராம்பு. அடுத்ததில் சில சொட்டு சோயா சாஸ். வேறொன்றில் கொஞ்சம் மிளகு. முகர வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், மறுபடி முகர வேண்டும். சின்னக் குழந்தைக்கு அகரம் சொல்லிக் கொடுப்பதுபோல மூக்குக்கு எழுத்தறிவிப்பு.

இந்த முறையை வளர்த்தெடுத்தவர் ஆன் நோபிள். அங்கே ஒயின் துறையில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் பெண். 1984-இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒயின் மணங்களுக்கு ஒரு சக்கரம் வரைந்தார். நடுவில் பழம், பூ, மசாலா, மரம், மண் என்று பரந்த வகைகள். வெளிப்பக்கம் போகப் போக வகைகள் குறுகும். கடைசி வளையத்தில் கையில் எடுக்கக்கூடிய பொருள்கள் நிற்கும்: எலுமிச்சை, கிராம்பு, வெண்ணெய், நனைந்த நாய்கூட உண்டு. 'நேர்த்தியான', 'கம்பீரமான' போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. கம்பீரத்தை ஒரு குவளையில் ஊறவைத்து அடுத்தவர் மூக்கருகே நீட்ட முடியாதே. எந்தச் சொல்லுக்குப் பின்னால் முகரத்தக்க ஒரு பொருள் இருக்கிறதோ, அந்தச் சொல்லை மட்டும் நம்பலாம் என்ற இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் திராட்சைச் சாற்றில் குடைமிளகாய் எங்கிருந்து வந்தது? யாரும் போடவில்லை. கேபர்நே சாவிஞான் திராட்சையின் தோலிலும் குடைமிளகாயிலும் ஒரே மூலக்கூறு இருக்கிறது. பைரஸீன் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 2 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றை நிரப்பி, அரிசி மணியில் கால்வாசி எடையுள்ள இந்தப் பொருளைக் கரைத்தால் போதும், குளம் முழுக்க அந்த வாசம் தெரியும். பழம் பழுக்கப் பழுக்க, வெயில் பட்ட அளவுக்கு, இது குறையும். ஆகவே ஒருவர் 'குடைமிளகாய்' என்று சொல்லும்போது, அந்தக் கொத்து இலை நிழலில் இருந்திருக்கலாம், அல்லது கொஞ்சம் முந்திப் பறித்திருக்கலாம் என்ற தோட்டத்துச் செய்தியும் அந்தச் சொல்லோடு வந்துவிடுகிறது. கெவூர்ஸ்ட்ராமினர் ஒயினில் ரோஜாவும் லிச்சிப் பழமும் மணப்பதும் இப்படித்தான். மூன்றுக்கும் பொதுவான சேர்மம் ஒன்று உண்டு. வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை, ஓக் பீப்பாயில் கிடந்த ஒயினில் வெனிலா, கிராம்பு வாசம் என எல்லாவற்றுக்கும் பின்னால் வேதியியல் இருக்கிறது.

அப்படியென்றால் சொல்வதில் என்ன கஷ்டம்? கண்ணுக்கு நிறம் பார்க்க மூன்று வகை ஏற்பிகள்தான். மூக்குக்கு ஏறக்குறைய 400. ரிச்சர்ட் ஆக்ஸலும் லிண்டா பக்கும் 1991-இல் இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்குத் திறக்கும். அந்தத் தட்டல்களின் கோலத்தைத்தான் மூளை 'வாசம்' என்று படிக்கிறது. ஒயினிலோ ஆவியாகும் சேர்மங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கலந்து வரும் மணங்களில் மூன்று நான்குக்கு மேல் பிரித்துச் சொல்ல, பயிற்சி பெற்ற மூக்குக்கும் முடிவதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒயின் குறிப்புகளில் ஒரே மூச்சில் பத்துப் பழங்களை அடுக்குபவர்களைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

சொல் மூக்கைக் கூர்மையாக்கும். தடம் மாற்றியும் விடும். 2001-இல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், ஒயினியல் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினும் சிவப்பு ஒயினும் தந்து மணத்தை விவரிக்கச் சொன்னார்கள். பின்னொரு நாள் அதே வெள்ளை ஒயினையும், அதிலேயே மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சாயமிட்டதற்குச் சிவப்பு ஒயினின் சொற்கள் வந்து விழுந்தன. மாணவர்கள் பொய் சொல்லவில்லை, கண் முந்திக்கொண்டது. அதே ஆய்வாளர்கள் ஒயின் வல்லுநர்களின் குறிப்புகளையும் அலசினார்கள். வெள்ளை ஒயினுக்குத் தேன், எலுமிச்சை போன்ற வெளிர்நிறப் பொருள்கள். சிவப்புக்குச் செர்ரி, கிராம்பு போன்ற அடர்நிறப் பொருள்கள். மணத்துக்கென்று நினைத்து எழுதிய சொற்கள் நிறத்தின் வழியே வரிசை கட்டியிருந்தன.

மணத்துக்குத் தனிச் சொல் இல்லாததால்தானே பொருள்களின் பெயரைக் கடன் வாங்குகிறோம் என்று தோன்றலாம். எல்லா மொழிகளும் அப்படியில்லை. மலேயத் தீபகற்பத்துக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களிடம், எந்தப் பொருளையும் சுட்டாமல் மணத்தை மட்டும் குறிக்கும் சொற்கள் ஒரு டஜன் அளவில் இருப்பதை ஆசிஃபா மஜீதும் நிக்லாஸ் பூரென்ஹுல்ட்டும் 2014-இல் எழுதினார்கள். நாம் நிறத்தைச் சொல்வது போல அவர்கள் மணத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள். அதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது நம் 'கவிச்சி'. மீனிலும் அடிக்கும், முட்டை ஊற்றிய தட்டிலும் அடிக்கும், பச்சைக் கறியிலும் அடிக்கும். ஆனால் அந்தச் சொல் அவற்றில் எதன் பெயரும் இல்லை. நெடி, முடை, மக்கல், எண்ணெயின் காறல் எல்லாம் அதே இனம். தக்கையில் பூஞ்சையால் உண்டாகும் ஒரு சேர்மம் ஒயினைக் கெடுக்கும்போது ஆங்கிலேயர் 'நனைந்த அட்டை' என்று பொருளைத் தேடிப் போகிறார்கள். 'மக்கல் வாடை' என்று நாம் முடித்துக்கொள்ளலாம். எச்சில் புரதங்களோடு டேனின் சேர்ந்து நாக்கை இழுத்துப் பிடிப்பதற்கும் 'துவர்ப்பு' என்று அறுசுவையிலேயே இடம் கொடுத்திருக்கிறோம்.

இன்னொரு கதையும் உண்டு. ஆஸ்திரேலிய ஷிராஸ் ஒயின்களில் மிளகு மணக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். காரணமான மூலக்கூறை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 2008-இல்தான் வெளியிட்டது: ரொட்டண்டோன். மிளகின் மணத்துக்கும் அதுவே முக்கியக் காரணம். சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது அறவே தெரியவில்லை. ஒரே மேசையில் ஒருவர் 'மிளகு' என்றும் மற்றவர் 'ஒன்றுமில்லையே' என்றும் சொன்னால், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

அந்தப் பெயரைப் பாருங்கள். ரொட்டண்டோன் என்பது சைபரஸ் ரொட்டண்டஸ் என்ற புல்லிலிருந்து வந்த பெயர். சுக் தேவ் என்ற இந்திய வேதியியலாளரின் குழு 1967-இலேயே அதன் கிழங்கு எண்ணெயில் இந்தச் சேர்மத்தை இனம்கண்டு எழுதிவிட்டது. நாற்பது ஆண்டுகளாக மூலக்கூறு ஒரு பக்கம், மிளகு வாசம் என்ற சொல் இன்னொரு பக்கம் இருந்திருக்கின்றன. அந்தப் புல் வேறெதுவும் இல்லை, நம் வயல் வரப்புக் கோரை. நலங்கு மாவில் இடித்துச் சேர்க்கும் கோரைக்கிழங்கு. நோபிளின் வழியில் பார்ப்பது எளிது: மணமில்லாத ஒயின் ஒரு குவளை, அதில் இடித்த கிழங்கு ஒரு சிட்டிகை, பக்கத்தில் மிளகு போட்ட குவளை ஒன்று.