மலைத்தோட்ட மாணவரும் வி.பி.என். இணைப்பும்

2020 இல் பெருந்தொற்றினால் கற்பித்தல் இணையவழிக்கு மாறியபோது, பெரகலவைச் சூழ்ந்த தோட்டங்களின் மாணவர் பலருக்குக் கைத்தொலைபேசித் தரவே பல்கலைக்கழக வாயிலாயிற்று. நூலகத்துக்கு இட்டுச்செல்லும் வி.பி.என். எனும் மெய்நிகர் தனியார் வலையமைப்போ, 'இணைக்கப்பட்டது' என்று காட்டியும் பக்கத்தைத் திறவாதிருப்பதுண்டு. இதனை மாணவரின் அறியாமையாகக் கொள்ளலாகாது.

வழமையாகத் தரவுப்பொதியொன்றின் உச்ச அளவு 1500 பைற். வி.பி.என். அதன்மேல் மறைகுறி உறையொன்றை இடுவதால், பருத்த பொதி கைத்தொலைபேசி வலையமைப்பின் இடைவழியில் கைவிடப்படலாம். சிறு பொதிகள் மட்டும் சென்றுசேரும். அதனாலேயே இணைப்பு உண்டு, பக்கம் இல்லை. எம்.ரி.யு. எனப்படும் பொதியளவெல்லையை 1280 ஆகக் குறைப்பின் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

இம்மாற்றத்தைச் சேவையகத்திலேயே செய்துவைக்க இயலும். அது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. தோட்டத்து மாணவரின் தலையில் சுமத்தத்தக்கதன்று என்பதே நாம் வலியுறுத்துவது.