உள்ளூர் விமானத்துக்கு எந்த அட்டையைக் கொண்டு போவது?



விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட காலம் போய்விட்டது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுப் போன குடும்பங்கள் பல திருகோணமலை மாவட்டத்தில் குடியேறின. கந்தளாய் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் நம் லயங்களில் இருக்கிறார்கள். வெளியூரில் உழைக்கும் பிள்ளைகள், "அம்மா பஸ்ஸில் கஷ்டப்பட வேண்டாம்" என்று விமான டிக்கட் எடுத்து அனுப்புகிறார்கள். டிக்கட் வந்துவிடுகிறது. வாசலில் எதைக் காட்டுவது என்று கேட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள்.

கந்தளாய் போகிறவர்கள் விமானத்தில் வந்து இறங்கும் இடம் சீனன்குடா. ரயில் பாதையில் கந்தளாய், தம்பலகாமம் தாண்டி, திருகோணமலைக்கு முன்னால் வருவது. அந்த விமானத்தளம் விமானப்படை முகாமில் இருக்கிறது. ஆகவே விமானத்தில் ஏறுவதற்கு மட்டுமல்ல, தளத்துக்குள் நுழையவும் ஆள் யாரென்று காட்ட வேண்டிவரும். உள்நாட்டுப் பயணந்தானே என்று வெறுங்கையோடு போகக் கூடாது.

எதைக் கொண்டு போவது?

முதலாவது, தேசிய அடையாள அட்டை, அதாவது நம் வழக்கில் ஐ.சி. இரண்டாவது, பாஸ்போட். மூன்றாவது, படம் உள்ள சாரதி அனுமதிப்பத்திரம். இவற்றில் ஒன்றின் மூலப்பிரதி கையில் இருக்க வேண்டும். போட்டோக் கொப்பி போதாது. போனில் எடுத்த படத்தையும் நம்பிப் போகாதீர்கள். செக்றோல் நம்பர், ஈ.பி.எப். அட்டை, கிளினிக் கொப்பி எல்லாம் அந்தந்த இடத்துக்குத்தான் உதவும்.

உள்நாட்டுப் பயணத்துக்கு ஐ.சி. போதும். பாஸ்போட்டை வீணாக எடுத்துப்போய்த் தொலைத்தால் புதிது எடுக்கும் செலவும் அலைச்சலும் பெரிது.

பழைய லேமினேட் அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் 12 இலக்கம் வழங்கப்படுகிறது. புதியது வந்ததற்காகப் பழைய அட்டை தானாகச் செல்லாமல் போகாது. ஆனால் படம் மங்கி முகம் தெரியாவிட்டால், ஓரம் பிய்ந்திருந்தால், பயணத்துக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த இலக்கத்தில் நம் பிறந்த நாளே அடங்கியிருக்கிறது. 1972 பெப்ரவரி 1இல் பிறந்த ஆணின் பழைய இலக்கம் 72032 என்று தொடங்கும். பெண் என்றால் நாளோடு 500 கூட்டி 72532 என்று வரும். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடு ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் இப்போதே தெரிவது நல்லது.

பெயரில்தான் சிக்கல்

பழைய அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இல்லை. டிக்கட்டில் ஆங்கிலத்தில்தான் பெயர் போடுவார்கள். அட்டையில் லெட்சுமி, டிக்கட்டில் லக்ஷ்மி. வீட்டில் கூப்பிடுவது சின்னம்மா, பதிவில் இருப்பது மாரியாயி. பேரப்பிள்ளை பிரியமாகக் கூப்பிடும் பெயரைப் போட்டு டிக்கட் எடுத்துவிட்டால், வாசலில் நின்று தவிப்பது பாட்டிதான். ஆகவே டிக்கட் எடுக்கும் பிள்ளைக்கு முதலில் அட்டையின் படத்தை அனுப்புங்கள். பாஸ்போட் இருந்தால் அதில் உள்ள எழுத்துப்படியே டிக்கட்டிலும் போடச் சொல்லுங்கள்.

அட்டை இல்லாதவர்கள்

15 வயது நிறைந்த பிரஜை அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிப்பவர்களுக்கு அதிபர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் தோட்டத்துரை உறுதிப்படுத்தலாம். மற்றவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். அட்டை எடுக்கும் வயது வராத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தைக் கொண்டு போங்கள்.

அட்டை தொலைந்தால் முதலில் பொலிசில் முறைப்பாடு செய்து அதன் பிரதியை எடுங்கள். பிறகு விண்ணப்பம். அவசரமென்றால் பத்தரமுல்லையில் உள்ள ஆட்பதிவுத் திணைக்களத் தலைமை அலுவலகத்தில் ஒருநாள் சேவை உண்டு.

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964, 1974 ஒப்பந்தங்கள் நம்மை இரு நாட்டுக்கும் பங்கு போட்டன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் மிச்சமிருந்தவர்களுக்கு வழி பிறந்தது. அந்தக் காலத்தில் கிடைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழ் தகரப் பெட்டியில் கிடந்தால், பழைய கடதாசி என்று எறிந்துவிடாதீர்கள். ஐ.சி. எடுக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

இந்தியா போகிறவர்களுக்கு

சென்னையில் இறங்கி மதுரைக்கோ திருச்சிக்கோ இன்னொரு விமானம் பிடிப்பவர்கள் உண்டு. அது அந்த நாட்டுக்கு உள்ளூர் விமானம். ஆனால் நமக்கு அது வெளிநாடு. அங்கே நம் ஐ.சி. எடுபடாது, பாஸ்போட்டையே காட்ட வேண்டும். அதைச் சூட்கேசுக்குள் போட்டுப் பூட்டி அனுப்பிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்:

1. டிக்கட் எடுக்கும் முன்பே எந்த அட்டை என்று முடிவு செய்யுங்கள்.
2. டிக்கட்டிலும் அட்டையிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.
3. மூலப்பிரதி கையில், போட்டோக் கொப்பி வீட்டில்.
4. சந்தேகமிருந்தால் விமானக் கம்பனியிடம் முதலே கேளுங்கள்.

விமானம் ஏறாதவர்களுக்கும் இது பொருந்தும். ஈ.பி.எப். பணம் எடுக்கவும் வாக்குப் போடவும் பேங்கில் கணக்குத் திறக்கவும் அதே ஐ.சி.தான். உங்கள் காம்பராவில் அட்டை இல்லாத பெரியவர் ஒருவர் இருந்தால், பிரயாணம் வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே எங்கள் நலன்புரி அலுவலகத்துக்குக் கூட்டி வாருங்கள். படிவம் நிரப்ப நாங்கள் உதவுவோம்.