கன்றுத்தோலும் தாளிப்பனை ஓலையும்

கன்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் நீங்கச் சுரண்டி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்திப் பெறும் மெல்லிய ஏட்டை ஐரோப்பியர் வெலம் என வழங்கினர். செருப்புக்கும் பைக்கும் ஆகும் தோலைப் போல இது பதனிடப்படுவதில்லை. விறைப்பாக இழுபட்டபடியே உலர்வதால் தோலின் நார்கள் படிந்து, இருபுறமும் மை ஏற்கும் வழவழப்பு உண்டாகிறது. மத்திய கால ஐரோப்பாவின் வேதநூல்களும் அரச ஆவணங்களும் பெரும்பாலும் தோலிலேயே எழுதப்பட்டன. பிரித்தானிய நாடாளுமன்றம் தன் சட்டங்களை வெலத்தில் அச்சிடும் வழக்கத்தை 2017 வரை கைவிடவில்லை.

இலங்கையில், 1341 முதல் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அரசிருக்கையாக விளங்கிய கம்பளையிலும், அதைச் சூழ்ந்த கண்டி மலைநாட்டிலும் மாட்டுக்கும் பஞ்சமில்லை, தோல் வேலைக்கும் பஞ்சமில்லை. கண்டிய நடனத்தின் முழவுகளுக்குப் போர்த்தப்படுவதும் பதனிடாத தோலே. வெலத்தைப் போலவே அதுவும் இழுத்துக் கட்டப்பட்டே விறைப்புப் பெறுகிறது. அவ்வாறிருந்தும் இங்கே தோல் நூலாகவில்லை. பதனிடாத தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்து நெளியும் இயல்புடையது என்பதையும், மகாவலிக் கரையின் மழைக்காலம் எத்தகையது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம். வறண்ட ஐரோப்பிய நூலகங்களிலேயே தோலேடுகள் உப்பி எழாதிருக்கக் கனத்த மரப்பலகைகளுக்கிடையே வைத்து உலோகக் கொக்கிகளால் பூட்ட வேண்டியிருந்தது. அதற்கும் மேலாக, தோலுக்கு நிகரான ஒரு பொருள் இங்கே மரத்திலேயே விளைந்தது.

அப்பொருள் தாளிப்பனையின் குருத்தோலை. யாழ்ப்பாணத்தின் வறண்ட மண்ணுக்குரிய பனை மலைநாட்டில் செழிப்பதில்லை. ஈரமண்ணில் வளரும் தாளிப்பனையே இங்கு எழுத்துக்கு உதவியது. முப்பது முதல் எண்பது ஆண்டு வரை வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்துக் காய்த்து மடியும் இம்மரத்தைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இன்றும் காணலாம். 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், இதன் ஓர் ஓலை பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என 1681இல் வெளிவந்த தம் நூலில் வியந்து குறிப்பிட்டுள்ளார்.

ஓலையை ஏடாக்குவது தோலை ஏடாக்குவதற்குச் சற்றும் குறையாத உழைப்பு. விரியாத குருத்தை வெட்டி, ஈர்க்கு நீக்கி, கீற்றுகளைச் சுருளாகச் சுருட்டி, அன்னாசி, பப்பாசி இலைகளோடு நீரில் அவிப்பர். பின்னர் வெயிலிலும் பனியிலும் மாறிமாறிக் காயவிட்டு, வழவழப்பான கமுக மரத்தண்டின் மேல் கீற்றைப் போட்டு, இரு முனைகளையும் பிடித்து மேலும் கீழுமாக இழுப்பர். சுருள் நிமிர்ந்து மினுமினுப்பு ஏறும்வரை இது தொடரும். விளிம்புகள் ஒரே அளவாக வெட்டப்பட்டு, சூடான இரும்பால் தீய்க்கப்படும். எழுத்தாணியால் கீறியபின் எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. கரித்தூளைக் குங்கிலிய எண்ணெயில் குழைத்துப் பூசி, தவிட்டாலோ குரக்கன் மாவினாலோ துடைத்தெடுத்த பிறகே கருமை கீறலுக்குள் மட்டும் தங்கி, ஏடு படிக்கத்தக்கதாகிறது. வெலத்தில் மை மேற்பரப்பில் நிற்க, இங்கே எழுத்து ஓலையின் உடம்பிலேயே பதிகிறது. மேலும், பூசிய எண்ணெய் பூச்சியையும் ஓரளவு விலக்குகிறது. எழுதும் முறையும் காக்கும் முறையும் ஒன்றாகவே அமைந்த இந்த ஏற்பாட்டைத் தோலேட்டில் காண முடியாது என்பதால், ஓலையை வறியவரின் மாற்றுப்பொருள் எனக் கருதுவது பிழை.

கட்டுமானத்திலும் வேறுபாடு உண்டு. தோலேடுகளை மடித்து முதுகில் தைத்து அட்டை சேர்ப்பர். ஓலைகளிலோ இரு துளைகள் இட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் கம்பை எனும் மரப்பலகைகளை வைத்து இறுகச் சுற்றுவர். கண்டிக் காலத்துக் கம்பைகளில் சிவப்பும் மஞ்சளுமாகக் கொடியும் மலரும் தீட்டப்பட்டன. விகாரைகளுக்குரிய சிறப்பு நூல்களுக்குத் தந்தமும் வெள்ளியும் பயன்பட்டன. எந்தச் செய்திக்கு எப்பொருள் என்பதிலும் இந்நாட்டார் தெளிவாகவே இருந்தனர்: 1344இல் எழுந்த லங்காதிலக விகாரையின் மானியச் செய்தியைச் சிங்களத்திலும் தமிழிலும் பாறையில் வெட்டினர், சமயநூலும் வைத்தியமும் சோதிடமும் ஓலைக்குரியவை.

ஓலைக்கும் பகை உண்டு. பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக எழுத்தில் பதிக்கப்பட்ட மாத்தளை அலுவிகாரையின் சுவடிச் சாலை பிரித்தானிய ஆட்சிக்கெதிரான 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அழிந்தது. நாட்டில் எஞ்சிய ஓலைச்சுவடிகளுள் பெருந்தொகை கொழும்பு தேசிய நூதனசாலையிலும், இங்கு பணியாற்றிய பிரித்தானிய அதிகாரி ஹியூ நெவில் சேர்த்தவை லண்டன் பிரித்தானிய நூலகத்திலும் உள்ளன. ஆயினும் மலைநாட்டு வீடுகளின் பரண்களில் வைத்திய ஏடுகளும் சாதக ஓலைகளும் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றை வைத்திருப்போர், எழுத்து மங்கிவிட்டது என்பதற்காக எறிந்துவிடாமலும், கண்ட எண்ணெயைப் பூசாமலும், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தாரிடமோ நூதனசாலையாரிடமோ முதலில் காட்டுவது நல்லது. மங்கிய கீறலில் கருமை மீண்டும் ஏற்றப்படலாம், முறிந்த ஓலையை யாராலும் மீட்க இயலாது.