ஈர்க்குச்சியும் புளியங்கொட்டையும்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைவேலையாக எதைக் கொடுக்கலாம் என்று இளம் ஆசிரியர்கள் யாராவது கேட்டால், டீ ஆறுவதற்குள் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். செய்து முடித்த பிறகு அந்தப் பொருள் என்ன செய்யும்? சுற்றுமா, சத்தம் போடுமா, விழாமல் நிற்குமா, எண்ணிக்கை காட்டுமா? சுவரில் ஒட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லையென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆசிரியர் வரைந்து கொடுத்த மாம்பழத்துக்குள் பிள்ளைகள் மஞ்சள் காகிதத்தைக் கிழித்து ஒட்டுகிறார்கள். முப்பது மாம்பழமும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. ஒட்டி முடித்த குழந்தை, "நல்லா இருக்கா டீச்சர்?" என்று நம் முகத்தைப் பார்க்கிறது. தான் செய்தது சரியா என்று அறிய அதற்கு வேறு வழியே இல்லை.

பனையோலைக் காற்றாடியைச் செய்யும் பிள்ளை அப்படிக் கேட்காது. இரண்டு ஓலைத் துண்டுகளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவில் கருவேல முள்ளைச் செருகி, முள்ளின் நுனியைக் குச்சியில் குத்தி நிறுத்த வேண்டும். முள் வேலையை மட்டும் நாம் செய்து கொடுத்துவிடலாம். ஊதினால் சுற்றவில்லையா? ஓட்டை இறுக்கமாக இருக்கும், அல்லது இறக்கை சாய்வில்லாமல் தட்டையாக இருக்கும். பிள்ளை ஊதிப் பார்க்கும், தளர்த்தும், கொஞ்சம் முறுக்கும், திரும்ப ஊதும். சரி, தவறு இரண்டையும் காற்றாடியே சொல்லிவிடுகிறது. பனை இல்லாத ஊரில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும்.

1939-இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்திய மரியா மாண்டிசோரி, தம் கற்றல் கருவிகளை இந்த எண்ணத்தை வைத்துத்தான் அமைத்திருந்தார். ஒரு மரக்கட்டையில் வெவ்வேறு அளவில் குழிகள் இருக்கும். அவற்றுக்கு ஏற்ற உருளைகளும் இருக்கும். ஒன்றை இடம் மாற்றிப் போட்டுவிட்டால், கடைசியில் ஒரு உருளை எந்தக் குழியிலும் இறங்காமல் கையில் நிற்கும். ஆசிரியர் வாய் திறக்க வேண்டியதில்லை. அந்தக் கருவிகளின் விலை நம் பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகாது; ஆனால் அதே குணமுள்ள பொருள்கள் நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கின்றன.

அவற்றில் நான் முதலில் வைப்பது ஈர்க்குச்சி. ஒரு புது விளக்குமாறு வாங்கி, குச்சிகளை விரல் நீளத்துக்கு ஒரே அளவாக நறுக்கி, கூர்முனைகளை எடுத்துவிடுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். நேரமாகிறதே என்று நாமே கட்டிக் கொடுத்தால் பாதிப் பாடம் போய்விடும். இப்போது 32-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். நோட்டில் போடும்போது நிறையப் பிள்ளைகள் 25 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது, சரி, ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடலாம் என்று அவர்களாக ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். கடன் வாங்கு என்று நாம் சொல்வதும் அவர்களுக்குப் புரிவதில்லை. யாரிடம் வாங்குவது, எப்போது திருப்பிக் கொடுப்பது?

குச்சியில் இந்தக் குழப்பம் வராது. கையில் மூன்று கட்டு, இரண்டு உதிரி. ஏழு குச்சி கொடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். ரப்பர் பேண்டைக் கழற்றினால் உதிரி பன்னிரண்டாகிறது. ஏழைக் கொடுத்தால் ஐந்து மிச்சம். இருக்கும் இரண்டு கட்டில் ஒன்றைக் கொடுத்தால் ஒன்று மிச்சம். பதினைந்து. பத்து ரூபாய் நாணயத்தை வைத்தும் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த நாணயத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது, உள்ளே பத்து ஒன்று இருப்பதைக் குழந்தை நம்பத்தான் வேண்டும். கட்டைப் பிரித்தால் கண்ணெதிரே பத்தும் உதிர்கிறது. அதனால் முதலில் குச்சி, அது பழகிய பிறகு நாணயம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான தரையில் தேய்த்தால் வெள்ளையாகும். தாயம் ஆடும் பாட்டிகள் தேய்ப்பது போலவே. ஐந்து கொட்டையைக் குலுக்கிப் போட்டால் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. மறுபடி போட்டால் நான்கும் ஒன்றும். ஒவ்வொரு முறையும் ஸ்லேட்டில் குறித்துக்கொண்டே வந்தால், எப்படி விழுந்தாலும் கூட்டினால் ஐந்து என்பது பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பிறகு பத்துக் கொட்டைக்குப் போகலாம். பல்லாங்குழியும் இந்த வரிசையில்தான் வரும்: 14 குழி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும் கை. ஒன்று மட்டும் கவனம். மூக்கிலும் காதிலும் கொட்டையைத் திணித்துக்கொள்ளும் வயதை ஒன்றாம் வகுப்பு முழுதாகத் தாண்டியிருக்காது. எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குங்கள். அந்த எண்ணிக்கையையும் பிள்ளைகளையே செய்யச் சொல்லலாம்.

களிமண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக இறுகி வந்து, கடைசி எலும்பு இறுக எட்டு, ஒன்பது வயதுக்கு மேலும் ஆகலாம். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. மண்ணைப் பிசைவதும் உருட்டுவதும் விரல்களுக்கு வலுத் தரும். தரையில் சாக்பீஸால் பெரிதாக 'அ' எழுதி, அதன்மேல் மண்ணைக் கயிறாகத் திரித்து வைக்கச் சொல்லுங்கள். சுழி எங்கே, கால் எங்கே என்று கை அறியும். ஆனால் மண்ணை எந்த முனையிலிருந்தும் வைக்கலாம். எழுத்தை அப்படி எழுத முடியாது. ஆகவே வைத்து முடித்ததும், எழுதத் தொடங்கும் இடத்திலிருந்து ஆள்காட்டி விரலால் ஒருமுறை தடவிப் பார்க்க வைத்துவிட வேண்டும்.

கத்தரிக்கோலுக்கும் வரிசை உண்டு. ஒரே வெட்டில் துண்டாகும் குறுகிய பட்டை, பிறகு நேர்கோடு, கடைசியில்தான் வட்டம். வட்டம் வெட்டும்போது திரும்ப வேண்டியது காகிதம், கத்தரி இல்லை. இடக்கைப் பிள்ளைக்கு வலக்கைக் கத்தரியைக் கொடுத்தால் வெட்டும் கோட்டையே அலகு மறைத்துவிடும். அவனுக்குக் கை வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பசைக்கு, ஒரு கரண்டி மைதாவை நாலைந்து கரண்டி தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிப் பதம் வரும்வரை காய்ச்சினால் போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சிக்காகப் போடும் மயில்துத்தம் விஷம், வகுப்பறைப் பக்கமே வரக்கூடாது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்கு அமைந்த கரும்பலகை. இன்னொன்று, அவர்கள் செய்ததையெல்லாம் தொங்கவிடும் கம்பிப் பந்தல். 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோதும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை செயல்பாடுகளுக்கே முதலிடம். ஆனால் எந்தத் திட்டமானாலும், அச்சிட்டு வரும் விலையுயர்ந்த பெட்டி, தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பீரோவுக்குள் போய்விடுவதும் உண்டு. ஈர்க்குச்சி தொலைந்தால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். அந்தத் தைரியம் ஆசிரியருக்கு மிகவும் தேவை.

முப்பது பேரும் ஒரே நேரத்தில் முடிக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஆறு பேர் குச்சி கட்டுவார்கள், ஆறு பேர் மண்ணில் இருப்பார்கள், மற்றவர்கள் பாடப்புத்தகத்தோடு. நாளை இடம் மாறிக்கொள்ளலாம். மணி அடிக்கும்போது பாதியில் நிற்கும் வேலைகளுக்கு ஓர் அட்டைப்பெட்டி வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். சுற்றாத காற்றாடிக்கும் அதில் இடம் உண்டு. அதை நாம் சரிசெய்து வைக்க வேண்டாம். மறுநாள் அந்தப் பிள்ளையே எடுத்து ஊதிப் பார்க்கட்டும்.